அந்தூரியத்துக்குப் பொச்சுமட்டைக் கட்டி: ‘உடனே பாவிக்கலாம்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள்

கொழும்பில் அந்தூரியக் கன்று வாங்கப் போகிறவர் கையில், கன்றோடு சேர்த்து அழுத்திய பொச்சுமட்டைக் கட்டி ஒன்றையும் கடைக்காரர் தந்துவிடுவார். ஏறக்குறைய ஓரடிச் சதுரம், 5 கிலோ, மேலே மெல்லிய பொலித்தீன் உறை. ‘கழுவியது, உப்புக் குறைந்தது, உடனே பாவிக்கலாம்’ என்று சிட்டை சொல்லும். எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: முற்றிய தேங்காயின் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, காயவைத்து, இயந்திரத்தில் அமுக்கியது. சிட்டையின் முதல் இரண்டு வார்த்தைகளைப் பாதி நம்பலாம். மூன்றாவதை நம்பி அன்றைக்கே கன்றை நட்டால், இரண்டு மாதத்துக்குள் இலை நுனி கருகத் தொடங்கும். பொருளில் பெரிய குறை இல்லை. இரண்டு மூன்று நாள் வேலை வாங்கும் பொருளை ‘ரெடிமேட்’ என்று விற்பதுதான் குறை.

மண் இருக்க மட்டைத்துண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தூரியம் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் அந்தீஸ் மலைச்சரிவு மழைக்காட்டுச் செடி. பிரெஞ்சுக்காரரான எதுவார் அந்த்ரே 1876இல் கொலம்பியாவில் கண்டெடுத்ததால்தான் அதன் தாவரவியற் பெயரில் அந்த்ரே ஒட்டிக்கொண்டார். மரக்கிளையிலும் காட்டுச் சருகிலும் வேர்விட்டுப் பழகிய செடி அது. அதன் வேரைப் பாருங்கள்: பென்சில் தடிப்பில், வெள்ளையாக, பஞ்சு போன்ற ஒரு மேலுறையோடு இருக்கும். மழை பெய்யும்போது அந்த உறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் வேருக்குக் காற்று வேண்டும். கொழும்பின் செம்மண்ணோடு மாட்டெருவும் மணலும் கலந்த வழக்கமான பூச்சாடிக் கலவை ஐப்பசி மழையில் சேறாகிவிடும். சேற்றில் வேரை அழுகவைக்கும் பித்தியம், பைற்றொப்தொரா போன்ற, பூஞ்சணத்தை ஒத்த நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். வேர் பழுப்பாகி, இழுத்தால் மேலுறை கழன்று நூல் மட்டும் கையில் வரும்.

தும்புத்தூள் கட்டியை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் ஒரே அலுமாரியில், ஒரே நிறத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தூள் நாற்றுப் போட நல்லது. வளர்ந்த அந்தூரியத்துக்கு அது தனியாக ஆகாது. ஓர் ஆண்டுக்குள் படிந்து இறுகி, மண்ணைப் போலவே ஈரத்தைக் கட்டிவைக்கும்.

இனிக் கட்டியை உடைப்போம். பொலித்தீனைப் பிரித்தால் ஓரங்களில் துண்டுகள் படைபடையாகத் தெரியும். பழைய சமையல் கத்தியை அந்தப் படைக்குள் செருகி நெம்பினால் பலகை போலப் பிரிந்து வரும். முழுக் கட்டியையும் ஊறவைக்கும் தவறைச் செய்யாதீர்கள். 5 கிலோக் கட்டி ஊறினால் 40 முதல் 50 லீற்றர் வரை பொங்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் பல்கனியில் அதை வைக்க இடம் தேடி அலைவீர்கள். ஒரு கிலோ பிரித்தெடுத்தால் போதும். அது ஏறக்குறைய 9 லீற்றர் துண்டு தரும். கரியும் செங்கல்லும் சேர்ந்தபின் 6 அங்குலச் சாடி ஆறு நிரம்பும்.

நனைக்கும் முன் காய்ந்த துண்டுகளை அரிதட்டில் போட்டு அரியுங்கள். இங்கேதான் கட்டிக்குக் கட்டி தரம் தெரியும். நல்ல கட்டியில் 1 முதல் 2 சென்ரிமீற்றர் துண்டு பெரும்பங்கு, கீழே விழும் தூள் ஒரு கைப்பிடி. மோசமான கட்டியில் தூளும் நாரும் கால்வாசி வரும். அவை நீரோடு சாடியின் அடிக்கு இறங்கித் துளையை அடைக்கும். நார்ச்சுருளாகவே வருவதும் உண்டு, அதைப் பதியக் கலவைக்கு ஒதுக்கலாம். வாங்கும்போதே பார்க்க வேண்டுமானால் உறையின் ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள்: விளிம்பு கூராகத் தெரியும் துண்டுகள் நல்லவை, மரத்தூள் பலகை போல வழவழப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது உப்பு. தென்னை கடலோரத்து மரம். அதன் மட்டையில் சோடியமும் பொற்றாசியமும் இயல்பாகவே அதிகம். உவர்நீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் கூடும். ஆலைகளில் ‘கழுவியது’ என்றால் பெரும்பாலும் வெறும் தண்ணீரால் அலசியது என்றுதான் பொருள். அலசலில் துண்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் உப்புப் போகும். துண்டின் உள்ளேயே இறுகப் பற்றியிருக்கும் சோடியமும் பொற்றாசியமும் போகாது. அவற்றை வெளியே தள்ள அதைவிடக் கெட்டியாக ஒட்டும் ஒன்று வேண்டும், அதுதான் கல்சியம். இந்த வேலையைச் செய்யாமல் நட்டால், நீங்கள் போடும் பசளையில் உள்ள கல்சியத்தைத் துண்டு தனக்கென்று பிடித்துக்கொண்டு, அதற்குப் பதில் சோடியத்தை வேருக்கு விடும். விளைவு இரண்டு வகையாகத் தெரியும். பழைய இலைகளின் நுனி காய்ந்து பழுப்பாகும். புதிதாக விரியும் பூமடல் விளிம்பில் நிறம் கெட்டு, தண்ணீர் பட்ட கடதாசி போல ஊறிப் பிறகு கருகும். பூ அழுகுகிறது என்று பூஞ்சண மருந்து வாங்கி அடிப்பவர்கள் அதிகம். குறை சாடிக்குள் இருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்றில் ஒரு கிலோ துண்டைப் போட்டு 12 லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். துண்டு மிதக்கும், மேலே ஒரு தட்டை வைத்து அதன்மேல் கல்லை ஏற்றுங்கள். மூன்று மணி நேரத்தில் ஊறிப் பருத்துவிடும். வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர், ஓர் இரவு. மறுநாள் வடித்து, 10 லீற்றர் தண்ணீரில் 30 கிராம் கல்சியம் நைத்திரேற்றைக் கரைத்து அதில் 24 மணி நேரம். பிறகு வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். கல்சியம் நைத்திரேற்று காற்றுப் பட்டால் ஈரம் உறிஞ்சிக் கூழாகும், மூடி இறுகிய போத்தலில் வையுங்கள். எப்சம் உப்பையும் (மக்னீசியம் சல்பேற்று) ‘சேர்த்தே போடுவோமே’ என்று அதே கோப்பையில் கரைக்காதீர்கள். செறிவாகச் சேர்ந்தால் ஜிப்சமாக அடியில் படிந்து இரண்டும் வீண்.

கடைசி அலசல் நீரும் தேயிலைச் சாயம் போல இருக்கும். பயப்பட வேண்டாம், அது தனின் என்னும் மட்டையின் சாயப்பொருள். நிறத்துக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை: தெளிந்த தண்ணீரிலும் உப்பு இருக்கலாம், கறுத்த தண்ணீரிலும் இல்லாமல் இருக்கலாம். நீரில் கரைந்த உப்பைக் காட்டும், பேனை அளவிலான ரீ.டீ.எஸ். மீற்றர் இருந்தால் முதலில் குழாய்த் தண்ணீரை அளந்து, பிறகு வடிந்த நீரை அளந்து கழியுங்கள். வித்தியாசம் 250க்குக் கீழே என்றால் நடலாம். கூடினால் இன்னோர் அலசல். இன்னொன்று, அந்தச் சாய நீரைப் பல்கனித் துவாரத்தில் ஊற்றினால் வெள்ளை ரைல்ஸ் கறைபடும். கீழ்மாடிக்காரர் காயப்போட்ட வேட்டியிலும் படும். குளியலறைத் துவாரமே உத்தமம்.

கலவை எளிது. மூன்று பங்கு துண்டு, ஒரு பங்கு அடுப்புக்கரி, ஒரு பங்கு உடைத்த செங்கல் அல்லது ஓடு. கரியும் செங்கல்லும் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. தூசு போகக் கழுவுங்கள். கரி உக்காது, மட்டை உக்கும். இரண்டு மூன்று ஆண்டில் மட்டை மென்மையாகிப் படியும்போது காற்றுக்கு வழி வைத்திருப்பது கரிதான். செங்கல் பாரத்துக்கு. வெறும் மட்டைத்துண்டில் வைத்த சாடி தென்மேற்குக் காற்றில் ஒரு தள்ளுக்கே குப்புற விழும். அடியில் ரெஜிபோம் துண்டு போடும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. சாடியை மேலும் இலகுவாக்குவதைத் தவிர அதனால் பயன் எதுவும் இல்லை.

கடையில் வாங்கிய கன்றைச் சாடியிலிருந்து எடுத்ததும் வேர்க்கட்டியின் நடுவை விரலால் கிளறிப் பாருங்கள். திசு வளர்ப்பிலிருந்து வந்த கன்றென்றால் நடுவில் ஈரமான தூள் உருண்டை ஒன்று, சில வேளை சிறு வலைக்கிண்ணத்தோடு, அப்படியே இருக்கும். அதை நீக்காமல் மட்டைத்துண்டில் வைத்தால் சுற்றிலும் காய்ந்து நடுவில் மட்டும் சொதசொதவென்று நிற்கும். மேலே தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று நீங்கள் ஊற்ற ஊற்ற நடுவேர் அழுகும். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு மெல்ல உதிர்த்துவிடுங்கள். நடும்போது குருத்து வெளிவரும் இடம் துண்டுகளுக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் குருத்தழுகல் வரும். ஆட்டம் இருந்தால் ஈர்க்குக் குச்சி இரண்டை ஊன்றி நூலால் கட்டுங்கள்.

தண்ணீர் விடும் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். மட்டைத்துண்டு மேலே வெளிறிக் காய்ந்து தெரிந்தாலும் இரண்டங்குலம் கீழே ஈரமாக இருக்கும். கண்ணை நம்பாமல் விரலை விடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் நிழலான பல்கனிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை போதும். மாசி, பங்குனி வெயிலில் தினமும் கேட்கும். குளிரூட்டிய அறையில் வைத்தால் காற்று உலர்ந்து இலை விளிம்பு சுருளும், குளிரூட்டியின் நேர்வாயிலிருந்து தள்ளி வையுங்கள். பயணம் போய்த் திரும்பும்போது துண்டு முற்றாகக் காய்ந்திருந்தால் மேலே ஊற்றும் தண்ணீர் நேரே ஓடிவிடும், துண்டு குடிக்காது. சாடியோடு வாளிக்குள் இருபது நிமிடம் இறக்கி வைத்தால்தான் மீண்டும் உறிஞ்சத் தொடங்கும்.

சாடிக்குக் கீழ் வைக்கும் தட்டை முடிந்தால் தவிருங்கள். நுளம்பு முட்டை இட்டுப் பறக்க ஒரு கிழமை பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர் மீது வழக்குப் போட முடியும், டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் எட்டிப் பார்ப்பதும் பூச்சாடித் தட்டைத்தான். தட்டு வேண்டியே வேண்டும் என்றால் சரளைக்கல் நிரப்பி, கிழமைக்கு ஒருதடவை தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கவிழ்த்தால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அங்கேயே இருக்கும். ஊறவைக்கும் வாளிக்கும் இதே விதி, மூடி போடுங்கள்.

வெளிச்சத்தில் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்குத்தான் சிக்கல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் மேற்குப் பார்த்த பல்கனிக்குப் பின்னேரம் மூன்று மணி வெயில் நேரே அடிக்கும்; இலை வெளிறி நடுவில் காய்ந்த திட்டு விழும். 70 அல்லது 80 வீத நிழல்வலை ஒன்று போதும். கையை இலைக்கு மேல் ஓரடி உயரத்தில் பிடியுங்கள். நிழலின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தால் சரி. கூராகத் தெரிந்தால் வெயில் அதிகம், தெரியவே இல்லை என்றால் பூக்காது. ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் ஒரு பூ என்பதுதான் வளர்ந்த அந்தூரியத்தின் கணக்கு. இலை வராமல் பூ வராது. உப்புக்காற்று அடிக்கும் மாடிகளில் கிழமைக்கு ஒருதடவை ஈரத்துணியால் இலையைத் துடைப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

மட்டைத்துண்டில் சத்து என்று சொல்ல எதுவும் கிடையாது, நீங்கள் கொடுப்பதுதான். மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு இங்கே விற்கும் அல்பேர்ட் கரைசல் பொதி நன்றாக ஒத்துவரும். ஆனால் மரக்கறிக்குச் சொல்லும் அளவில் கால்பங்கு: லீற்றருக்கு அரைக் கிராம், கிழமைக்கு ஒருதடவை, ஈரமான துண்டில். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். மாட்டெரு, கோழியெரு வேண்டாம்.

பதியம் வைப்பதில் இந்தக் கட்டிக்கு முழுப் புள்ளி கொடுக்க முடியாது. பெரிய துண்டுகளுக்கிடையே இருக்கும் இடைவெளி வளர்ந்த வேருக்கு வரம். இரண்டங்குல இளவேருக்கு அது வெற்றிடம், தொங்கிக் காய்ந்துவிடும். ஆகவே பிரித்த கன்றுக்கும் தண்டு வெட்டுக்கும் அரித்தெடுத்த சிறு துண்டும் நாரும் (ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்தவை) இரண்டு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு என்று தனிக் கலவை செய்யுங்கள்.

சாடி வகைகள் குட்டையாகப் பக்கக்கன்று நிறைய விடும். பெரும்பாலும் ஒரே சாடியில் இரண்டு மூன்று கன்று சேர்த்தே விற்பார்கள். வெட்டுப்பூ வகைகள் ஒற்றைத் தண்டாக உயரும். முதல் வகையில் பக்கக்கன்றுக்கு இரண்டு மூன்று இலையும் ஐந்து சென்ரிமீற்றர் நீள வேர் குறைந்தது இரண்டும் வந்தபின் பிரியுங்கள். வேர் வராமல் பிரித்த கன்று பிழைப்பது அதிர்ஷ்டம். கையால் அசைத்துப் பிரியாவிட்டால் பிளேட்டால் இணைப்பை மட்டும் வெட்டுங்கள்.

இரண்டாம் வகையில் நாலைந்து ஆண்டில் கீழிலை எல்லாம் உதிர்ந்து, தென்னை மரம் போல மொட்டைத் தண்டும் உச்சியில் குடையும் நிற்கும். இதைப் பார்த்துச் செடி கிழடாகிவிட்டது என்று எறிகிறார்கள். எறிய வேண்டாம். தண்டில் கணுவுக்குக் கணு துருத்திக்கொண்டிருக்கும் வேர்களைக் கவனியுங்கள். அந்த இடத்தை ஈரமான தேங்காய் நாரால் சுற்றிக் கட்டி ஒரு மாதம் நனைத்துவந்தால் வேர் நீளும். பிறகு இரண்டு மூன்று வேர் மேல்துண்டோடு வரும்படி கீழே வெட்டுங்கள். உச்சியில் மூன்று நாலு இலை இருந்தால் போதும், பூவெல்லாம் கிள்ளிவிடுங்கள். வெட்டுவாயில் கரித்தூளோ கறுவாத்தூளோ தொட்டு ஒரு மணி நேரம் காயவிடலாம். கறுவாத்தூள் வேரில் படக்கூடாது, உலர்த்திவிடும். நட்டபின் நாலு கிழமைக்குப் பசளை கிடையாது, நிழலில் வையுங்கள். அடித்தண்டை அதே சாடியில் விடுங்கள். இலை இல்லாவிட்டாலும் ஈரம் காத்தால் இரண்டு மாதமளவில் கணுக்களில் முளை வரும், அவை வேர்விட்டபின் ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

விதை பொறுமைசாலிகளுக்கு: காய் பழுக்கவே ஆறேழு மாதம், முதற்பூவுக்கு இரண்டரை மூன்று ஆண்டு, வருவது தாயின் நிறமாகவும் இருக்காது.

வெட்டும்போது ஒரு கண்டிப்பு. ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகுமுன் பிளேட்டைப் பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடையுங்கள். 1980களில் ஹவாயின் அந்தூரியத் தோட்டங்களை நாசமாக்கிய சந்தோமொனாஸ் பக்ரீரியாக் கருகல் கத்தியிலும் தெறிக்கும் தண்ணீரிலும்தான் பயணம் செய்கிறது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: விளிம்பை ஒட்டி எண்ணெய் பட்டதுபோலச் சிறு புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம், நடு பிறகு கருகும். தண்டுக்குள் இறங்கினால் இலைக்காம்பை வெட்டிய இடம் பழுப்பாக இருக்கும். மருந்து தேடாதீர்கள், செடி, கலவை இரண்டையும் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டுச் சாடியைப் பிளீச்சில் கழுவுங்கள். அந்த மட்டைத்துண்டை அடுத்த சாடிக்கு மிச்சம் பிடிப்பதுதான் வழக்கமான தவறு. புதுக்கன்றை ஒரு மாதம் தள்ளி வைப்பதும் இலைமேல் தண்ணீர் தெளிக்காமல் அடியில் ஊற்றுவதும் இதற்காகத்தான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் வாயையும் தொண்டையையும் எரிக்கும்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? தேங்காய் உரிக்கும் வீடு என்றால் வேண்டாம். முற்றிய காய்ந்த பொச்சுமட்டையைக் கத்தியால் சதுரமாக வெட்டி, மேலே சொன்ன அதே கழுவலைச் செய்தால் இதே சரக்கு. தெருவோரத் தம்பிலிக் கடையில் குவிந்து கிடக்கும் இளமட்டையை மட்டும் எடுக்காதீர்கள், அது பிஞ்சு; சில மாதத்தில் அழுகிப் பூச்சி கட்டும். மட்டை வெட்டுவது கைக்கு மெத்த வேலை என்பதும் உண்மைதான், மாடிவீட்டில் மட்டைக்கு எங்கே போவது என்பதும் உண்மைதான். ஆறு சாடிக்கு மேல் வைத்திருப்பவர் 5 கிலோக் கட்டி வாங்கலாம். இரண்டு சாடிக்காரர் சிறு பொதி தேடுவது நல்லது. மிச்சக் கட்டியை நனையாமல், மூடியுள்ள வாளியில், தரையைவிட்டு உயர்த்தி வையுங்கள். திறந்து வைத்த கட்டியின் படைகளுக்கிடையே கரப்பான் குடியேறும். நனைத்த துண்டில் மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தால் அது மட்டையைத் தின்பது, செடியை அல்ல. கிளறிவிட்டுக் காற்றுப் பட வைத்தால் போய்விடும்.